எஸ்டிமேட் சீட்டு மட்டும் இருந்தாலும் வழக்கு நிற்கும்

கேள்வி: உத்தமபாளையம் பக்கம், எங்கள் தோட்டத்தை ஒட்டிய இடத்தில் வீடு கட்டி வருகிறேன். கட்டுகிற இடத்துக்கு இன்னும் கரண்ட் வரவில்லை. அதனால் மதுரையில் ஒரு கடையில் 6,800 ரூபாய்க்கு கார்டுலெஸ் டிரில் வாங்கினேன். ‘செங்கல் சுவர், லிண்டல் கான்கிரீட் இரண்டிலும் ஓட்டை போடணும்’ என்று சொல்லித்தான் கேட்டேன். ‘இது 48 வோல்ட், எல்லாத்துக்கும் தாங்கும்’ என்றார்கள். செங்கலில் போட்டது, லிண்டலில் பிட் இறங்கவே இல்லை. இரண்டாவது மாதம் பேட்டரியில் சார்ஜ் நிற்பதும் போய்விட்டது. தோட்டத்து மோட்டார் ரூமில்தான் சார்ஜ் போடுவோம். கடையில் கேட்டால், ‘ஆசாரி கையில் கொடுத்து ஓட்டியிருக்கீங்க, அது கமர்ஷியல் யூஸ். வாரண்டி கிடையாது’ என்கிறார்கள். ஓட்டியவர் தச்சு வேலை பார்க்கும் என் மைத்துனர். என் கையில் இருப்பது ‘எஸ்டிமேட்’ என்று தலைப்புப் போட்ட சீட்டு மட்டும். அதன் அடியில் ‘விற்ற பொருள் வாபஸ் இல்லை’ என்று அச்சிட்டிருக்கிறது. பணத்தை ஜிபே-யில் அனுப்பினேன். இந்தச் சின்னத் தொகைக்கு வழக்குப் போட முடியுமா ஐயா? போட்டால் மதுரைக்கு அலைய வேண்டுமா?

– ஒரு வாசகர், தேனி மாவட்டம்

பதில்: தாராளமாகப் போடலாம். மதுரைக்கு அலையவும் வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் பிரிவு 34, புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்க வழி செய்கிறது. நீங்கள் குமுளிக்குப் போய் கேரளக் கடையில் வாங்கியிருந்தாலும், ஆன்லைனில் வரவழைத்திருந்தாலும், தேனி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கே வரலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைக்காமல் நீங்களே நின்று பேசலாம்.

முதலில் சீட்டு. பில் தராமல் விற்பதையே இந்தச் சட்டம் ‘நியாயமற்ற வணிக நடைமுறை’ என்கிறது. ஆக, பில் இல்லை என்பது கடைக்காரரின் குற்றமே தவிர உங்கள் பலவீனம் இல்லை. 200 ரூபாய்க்கு மேற்பட்ட விற்பனைக்கு, ஜிஎஸ்டி பதிவு பெற்ற கடை பில் போட்டே ஆக வேண்டும். எஸ்டிமேட் சீட்டு, ஜிபே பரிவர்த்தனை எண், வங்கிக் கணக்கு அறிக்கை மூன்றையும் சேர்த்து வைத்தால், வாங்கியதற்கு அவை போதுமான சான்று.

‘வாபஸ் இல்லை’ என்ற அச்சு வரி பழுதான பொருளுக்குச் செல்லாது. பழுதான பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும் நியாயமற்ற வணிக நடைமுறைதான் என்கிறது பிரிவு 2(47). லிண்டலில் பிட் இறங்காத அன்றே நீங்கள் எழுத்தில் தெரிவித்திருந்தால் இந்த வாதம் இன்னும் வலுத்திருக்கும். இப்போதும் கெட்டுப்போகவில்லை. பொருளில் குறைபாடு என்ற அடிப்படையில் புகார் கொடுக்க, வழக்கு மூலம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது.

அடுத்து ‘கமர்ஷியல்’ என்ற சாக்கு. சொந்தக் குடியிருப்புக்கு வாங்கிய கருவி வணிக நோக்கத்துக்கு வாங்கியதாகாது. வாங்கியவரின் சம்மதத்தோடு பொருளைப் பயன்படுத்துகிறவரும் சட்டப்படி நுகர்வோர். ஆகவே உங்கள் மைத்துனர் உங்கள் வீட்டில் ஓட்டியதால் எதுவும் மாறிவிடாது. அவரே தன் தொழிலுக்கு வாங்கியிருந்தாலும் உரிமை உண்டு. கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்டுக்கு எதிராக லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் நடத்திய வழக்கில் 1995-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. பெரிய அளவில் உற்பத்தி செய்ய இயந்திரம் வாங்கிய அந்த நிறுவனத்தை நுகர்வோராக நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் பிழைப்புக்காகத் தானே ஓட்ட ஆட்டோ வாங்குகிறவரும், தானே இயக்க லேத் வாங்குகிறவரும் நுகர்வோரே என்றது. தன் கையால் டிரில் பிடித்துப் பிழைக்கும் ஆசாரிக்கும் அதே நியாயம்தான். ஒன்று மட்டும் கவனம்: டிரில்லை நாள் வாடகைக்கு வெளியே விட்டிருந்தால் எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும். அப்படி எதுவும் இல்லையென்றால் புகாரிலேயே எழுதிவிடுங்கள்.

உங்கள் வழக்கின் உயிர்நாடி அந்த ‘48 வோல்ட்’தான். பேட்டரியைக் கழற்றி அடியில் ஒட்டியிருக்கும் சிறு ஸ்டிக்கரைப் படியுங்கள். ஒரு லித்தியம்-அயான் செல்லின் சராசரி மின்னழுத்தம் சுமார் 3.6 வோல்ட். ஐந்து செல்லைத் தொடராக இணைத்தால் 18. முழுச் சார்ஜில் 21. பெயர்பெற்ற கம்பெனிகள் ‘20 வோல்ட் மேக்ஸ்’ என்று போடுவதும் இதே ஐந்து செல்தான்; அதில் ஏமாற்று இல்லை. ஆனால் உண்மையான 48 வோல்ட்டுக்கு 13 செல் தொடராக வேண்டும். பெட்டியில் கொட்டை எழுத்தில் ‘48’ என்றும், ஸ்டிக்கரில் பொடி எழுத்தில் ‘21 வோல்ட்’ என்றும் இருந்தால், அது பொருளைப் பற்றிய பொய்யான விவரிப்பு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். பேட்டரியை மட்டும் பிரிக்காதீர்கள். தீப்பிடிக்கும் ஆபத்து ஒருபுறம். ‘நீங்களே பிரித்துக் கெடுத்தீர்கள்’ என்ற பதில் மறுபுறம். தேவைப்பட்டால் ஆணையமே அதைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பும். அதற்கான செலவை முதலில் உங்களைக் கட்டச் சொல்லலாம்.

லிண்டல் விஷயத்தில் சரக்கு விற்பனைச் சட்டம் 1930-ன் பிரிவு 16 உங்கள் பக்கம். என்ன வேலைக்கு என்று சொல்லி, கடைக்காரரின் அனுபவத்தை நம்பி வாங்கினால், பொருள் அந்த வேலைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பது எழுதப்படாத நிபந்தனை. நீங்கள் கான்கிரீட் என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கிறீர்கள். உடன் வந்தவர் யாராவது இருந்தால் அவருடைய பிரமாண வாக்குமூலத்தையும் சேருங்கள்.

மோட்டார் ரூம் சார்ஜைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். விவசாயத்துக்குக் கொடுத்த இலவச இணைப்பைக் கட்டுமானத்துக்குப் பயன்படுத்துவது மின்சாரச் சட்டம் 2003-ன் பிரிவு 126-ன் கீழ் அங்கீகாரமற்ற பயன்பாடாகக் கருதப்படும். பொருந்தும் கட்டணத்தைப் போல் இரண்டு மடங்கு மதிப்பிடுவார்கள். பேட்டரி சார்ஜுக்கு ஆகும் மின்சாரம் சொற்பம் என்றாலும், இன்று சார்ஜர், நாளை மிக்சர் மெஷின் என்று அது வளரும். குடியிருக்கும் வீட்டில் சார்ஜ் போடுங்கள். கட்டுமானத்துக்குத் தற்காலிக இணைப்பு வாங்குங்கள். ‘மோட்டார் லைனில் வோல்டேஜ் ஏறி இறங்கித்தான் பேட்டரி போனது’ என்று கடைக்காரர் வாதாடவும் இடமிருக்காது.

இனி செய்ய வேண்டியது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். பல பிரச்சினைகள் அங்கேயே தீர்கின்றன. தீராவிட்டால், கடைக்காரருக்கும், பெட்டியில் பெயர் உள்ள தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளருக்கும் 15 நாள் கெடு வைத்து, ஒப்புகையுடன் விரைவு அஞ்சலில் நோட்டீஸ் அனுப்புங்கள். அதன் பிறகு இருவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்த்து தேனி ஆணையத்தில் நேரிலோ, இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவோ புகார் கொடுங்கள். பொருளை மாற்றித் தருதல், இல்லையேல் பணத்தை வட்டியோடு திருப்புதல், மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு எல்லாவற்றையும் கேளுங்கள். பரிசோதனை தேவைப்படாத வழக்கை, எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து மூன்று மாதத்திலும், தேவைப்படுவதை ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் தாமதம் ஆகலாம், அதற்காக விட்டுவிடாதீர்கள். ஆணையத்தின் உத்தரவை மதிக்காதவருக்கு ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு.

இனிமேல் டிரில் வாங்கப் போகிற கம்பம் பள்ளத்தாக்கு வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. கடையில் ஏறியதும் கம்பெனிப் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள், வேலையைச் சொல்லுங்கள். குறிப்பிட்ட பிராண்டைத்தான் கொடு என்று கேட்டு வாங்கினால், வேலைக்கு ஏற்றதா என்ற அந்த எழுதப்படாத நிபந்தனை கிடையாது என்கிறது அதே பிரிவு 16. ‘செங்கல், கான்கிரீட் வேலைக்கு’ என்று பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். லிண்டலிலும் தளத்திலும் நிறைய ஓட்டை போட வேண்டியிருந்தால், சாதாரண ஹேமர் டிரில்லுக்குப் பதில் எஸ்டிஎஸ் பிட் மாட்டும் ரோட்டரி ஹேமரைக் கேளுங்கள். வோல்ட்டோடு ஆம்பியர்-அவரையும் பாருங்கள்: 18 வோல்ட், 4 ஆம்பியர்-அவர் என்றால் 72 வாட்-அவர் சக்தி. பேட்டரியில் பிஐஎஸ் பதிவு எண் இருக்கிறதா என்று பார்த்து, ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் சரிபாருங்கள். கடையிலேயே ஒரு கான்கிரீட் துண்டில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். வாரண்டி பேட்டரிக்கும் உண்டா, எத்தனை மாதம் என்று கேட்டு, வாரண்டி கார்டில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள்.

வீடு கட்டுகிறவர் ஒவ்வொரு ரூபாயையும் எண்ணித்தான் செலவு செய்கிறார். 6,800 ரூபாய் சின்னத் தொகை என்று நீங்களே சொல்லாதீர்கள். கேட்க ஆளில்லை என்ற தைரியத்தில்தான் எஸ்டிமேட் சீட்டில் வியாபாரம் நடக்கிறது. இந்த வாரமே 1915-ஐ அழையுங்கள்.