சொல் ஒன்று, முகம் வேறு

தொடர்பாடல் பற்றிய வகுப்புகளில் ஒரு கணக்குச் சொல்வதுண்டு: நாம் உணர்த்துவதில் 7 வீதமே சொல், 38 வீதம் குரல், 55 வீதம் முகம். நானும் இதைக் கரும்பலகையில் எழுதியவன்தான். அது அரைகுறை உண்மை.

அமெரிக்கப் பேராசிரியர் அல்பேர்ட் மெஹ்ராபியனும் உடனாய்வாளர்களும் 1967இல் வெளியிட்ட இரு சிறு ஆய்வுகளிலிருந்து வந்த எண்கள் இவை. தனிச் சொற்களைப் பல குரல்களில் கேட்கவைத்து, முகப் படங்களையும் காட்டி, பேசியவருக்கு விருப்பா வெறுப்பா என்றே கேட்டார்கள். எல்லாப் பேச்சுக்கும் இது பொருந்தாது என்று அவரே பின்னர் எழுதினார்.

ஆனால் சொல்லும் முகமும் முரண்படும்போது இது உதவும். இடம்பெயர்ந்த தாய் ஒருவரிடம் சுகம் விசாரித்தால், "இருக்கிறம், பாதர்" என்பார். குரல் தாழும், கண் நிலத்தைப் பார்க்கும், கை சேலைத் தலைப்பை முறுக்கும். அங்கே சொல்லை மட்டும் நம்பிப் போய்விடாதீர்கள். பக்கத்தில் சற்று இருங்கள். கேள்வி வேண்டாம்.

விதைநெல் விஷயம் வேறு. எத்தனை புசல், எந்த இனம், எந்தத் திகதிக்குள் வேண்டும் என்பதை எந்த முகமும் சொல்லாது. அதிகாரி முன் நம்மவர் பலர் பேசாமல் தலையாட்டிவிட்டு வருகிறார்கள். அதை அவர் "போதும்" என்று பதிந்துகொள்வார். அங்கே வாய் திறந்து சொல்லுங்கள், எழுதியும் கொடுங்கள்.