ஐம்பது கிராமுக்குள் ஒரு தொழில்

அரியலூரிலிருந்து தபால்தலை விற்கத் தொடங்கியிருக்கும் தம்பிக்கு,

பத்து ரூபாய் ஸ்டாம்ப் ஒன்றை மதுரைக்கு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்ப ஜி.எஸ்.டி.யோடு 55 ரூபாய் 46 காசு ஆகிறது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று பெரியவர்கள் சொல்லிவைத்தது இந்தத் தொழிலைப் பார்த்துத்தானோ என்னவோ.

நேற்றுவரை கதை வேறு. சேகரிப்பாளர்கள் ரிஜிஸ்டர் தபாலை நம்பி வாழ்ந்தவர்கள். 20 கிராம் உறைக்கு 5 ரூபாய் தபால் செலவு, 17 ரூபாய் பதிவுக் கட்டணம், ஆக 22 ரூபாய். 2025-இல் ரிஜிஸ்டர் தபால் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைக்கப்பட்டது. 2011-12-இல் 24.44 கோடியாக இருந்த பதிவுத் தபால்கள் 2019-20-இல் 18.46 கோடியாகக் குறைந்திருந்தன. 2025 அக்டோபர் 1 முதல் ஸ்பீடு போஸ்ட் கட்டணமும் மாறியது. 2012-க்குப் பிறகு வந்த முதல் மாற்றம் அது. 50 கிராம் வரை, வெளியூருக்கு 35 ரூபாயாக இருந்தது 47 ஆனது, உள்ளூருக்கு 19. பெறுநர் கையில்தான் சேர வேண்டும் என்று பதிவும் கேட்டால் இன்னொரு 5 ரூபாய். வரி சேர்த்துப் பார்த்தால் 61 ரூபாய் 36 காசு. வரியை விட்டுவிட்டுப் பழைய 22 ரூபாயோடு இந்த 52 ரூபாயை ஒப்பிட்டால் இரண்டு மடங்குக்கும் மேல்.

இதில் அடிபடுவது ஆயிரம் ரூபாய் ஸ்டாம்ப் விற்கிறவர் இல்லை. அவருக்கு அறுபது ரூபாய் ஒரு பொருட்டே கிடையாது. ஐந்துக்கும் பத்துக்கும் விற்கிறவரும், அதை வாங்கித்தான் இந்தப் பழக்கத்துக்குள் வருகிற பள்ளிக்கூடப் பிள்ளையும்தான் அடிபடுகிறார்கள். அந்தப் பிள்ளை வராமல் போனால் பத்து வருடம் கழித்து ஆயிரம் ரூபாய் ஸ்டாம்பை வாங்கவும் ஆள் இருக்காது. ஆகவே சில்லறை ஸ்டாம்பை விற்பனையிலிருந்து எடுத்துவிடாதே, தம்பி. அனுப்பும் முறையை மாற்று.

கட்டண அட்டவணையைக் கொஞ்சம் உற்றுப் பார். 50 கிராமுக்குள் இருந்தால் பெரம்பலூரானாலும் டெல்லியானாலும் அதே 47 ரூபாய். 50-ஐத் தாண்டி 250 கிராம் வரை என்றால் தூரத்துக்கேற்ப ஏறும்: 200 கிலோமீட்டருக்குள் 59, சென்னைக்கு 63, கொல்கத்தாவுக்கு 72, வரி தனி. தபால்தலையோ காற்று மாதிரி. நூறு ஸ்டாம்ப் வைத்தாலும் பத்து கிராமை ஒட்டித்தான் நிற்கும். ஒரே ஒரு ஸ்டாம்பை அனுப்பினால் அதன் தலையில் 55 ரூபாய். இருபதைச் சேர்த்து அனுப்பினால் ஒன்றுக்கு இரண்டே முக்கால் ரூபாய்.

பழைய வியாபாரிகள் நோட்டில் வாங்குபவர் பெயருக்கு ஒரு பக்கம் ஒதுக்குவார்கள். இந்த வாரம் மூன்று, அடுத்த வாரம் ஐந்து என்று அவர் கேட்டதையெல்லாம் அவர் பெயர் எழுதிய கவரில் போட்டுவைத்து, மாதம் முடிந்ததும் ஒரே தபாலாக அனுப்புவார்கள். நீயும் அப்படியே செய். தபால் செலவை விலைக்குள் ஒளிக்காமல் தனி வரியாக எழுது. “இன்னும் பத்து ஸ்டாம்ப் எடுத்தாலும் தபால் செலவு இதேதான்” என்று ஒரு வார்த்தை சேர்த்துவிடு. மீதி வேலையை வாங்குபவரே பார்த்துக்கொள்வார். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தால் ஸ்பீடு போஸ்ட்டில் மாணவர்களுக்கு 10 சதவீதத் தள்ளுபடி உண்டு. கவுன்ட்டரில் வாய்விட்டுக் கேள்.

கட்டும் விதத்திலும் காசு இருக்கிறது. வீட்டில் குவிந்து கிடக்கும் கல்யாணப் பத்திரிகைகளைத் தூக்கிப் போட்டுவிடாதே. உள்ளங்கை அளவுக்கு இரண்டு துண்டு வெட்டினால் வளையாத அட்டை தயார். இரண்டும் சேர்ந்து பத்து கிராமைத் தாண்டாது. ஸ்டாம்பை வழவழப்பான கண்ணாடித்தாள் உறையில் போட்டு, இரு அட்டைக்கும் நடுவில் வைத்து, அட்டையின் ஓரத்தில் மட்டும் டேப் ஒட்டு. டேப்பின் பசை உறையில் பட்டால் பிரிக்கிறவர் ஸ்டாம்பையும் சேர்த்துக் கிழிப்பார். ஐப்பசி, கார்த்திகை மழையில் முத்திரை படாத புது ஸ்டாம்பின் பசை ஈரம் குடித்து உறையோடு ஒட்டிக்கொள்ளும். அந்த இரண்டு மாதம் மட்டும் மெல்லிய பிளாஸ்டிக் உறை ஒன்றை மேலே சேர்த்துக்கொள். எல்லாம் முடிந்ததும் டிஜிட்டல் தராசில் வை. தபால் நிலையத்துக்குப் போய் 51 கிராம் என்று தெரிந்துகொள்வது வீண் செலவு.

நாணயம் விற்க ஆசை வந்தால் முதலில் எடையை யோசி. இப்போதைய பத்து ரூபாய் நாணயம் ஏறக்குறைய 7.7 கிராம். வெள்ளைக்காரன் காலத்து வெள்ளி ரூபாய் 11.66 கிராம், நாலு வைத்தாலே 46.64, அட்டை வைக்க இடமில்லை. அதை ஆவணமாக ஏற்பார்களா, பார்சலாகப் பிரிப்பார்களா என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள். இன்னொன்று: கங்கைகொண்ட சோழபுரத்துப் பக்கம் காட்டில் கிடைத்தது என்று யாராவது செப்புக்காசு கொண்டுவந்தால் கை வைக்காதே. பத்து ரூபாய் மதிப்புக்கு மேற்பட்ட புதையலைக் கலெக்டரிடம் தெரிவிக்கச் சொல்கிறது 1878-ஆம் ஆண்டுச் சட்டம். நூறு வருடத்துக்கு மேற்பட்ட நாணயத்தைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் இடம் தராது. ராஜேந்திர சோழன் நாணயம்தான் வேண்டும் என்பவருக்கு, 2025 ஜூலை 27 அன்று அந்தக் கோயில் ஊரிலேயே பிரதமர் வெளியிட்ட நினைவு நாணயம் இருக்கிறது.

வெளிநாட்டு வாடிக்கையாளரை மட்டும் நம்பி இருக்காதே. 800 டாலர் வரையிலான பொருளுக்கு இருந்த வரிவிலக்கை அமெரிக்கா எடுத்ததும், 2025 ஆகஸ்ட் கடைசியில் இந்திய அஞ்சல் துறை அந்த நாட்டுக்கான தபாலை நிறுத்திவைத்தது. மீண்டும் தொடங்கியது அக்டோபர் 15-இல். அதுவரை அனுப்ப வழியில்லாமல் மேசையில் கிடந்த உறைகள் எத்தனையோ.

புத்தகங்களுக்காக 2025 மே 1-இல் வந்த ஞான் போஸ்ட்டில் 300 கிராமுக்கு 20 ரூபாய்தான். பழைய பாடப்புத்தகத்துக்குள் ஸ்டாம்பைச் செருகி அதில் அனுப்பலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். அது புத்தகத்துக்கு மட்டுமான சலுகை. கவுன்ட்டரில் ஒருமுறை பிடிபட்டால் அப்புறம் உன் ஒவ்வொரு உறையையும் பிரித்துப் பார்ப்பார்கள்.

ஐம்பது ரூபாய்க்கு உட்பட்ட சரக்குக்குச் சாதாரணத் தபாலே போதும். 20 கிராமுக்கு 5 ரூபாய். தொலைந்தால் கேட்க முடியாது. அதை வாங்குபவரிடம் முதலிலேயே சொல்லி, அவர் சம்மதித்த பிறகு அனுப்பு. ரிஜிஸ்டர் தபால் போனதில் சேகரிப்பாளர்களுக்கு இன்னொரு வருத்தமும் உண்டு: விதவிதமான ஸ்டாம்ப் ஒட்டி வந்த அந்த உறையே ஒரு சேகரிப்பாக இருந்தது. அந்த இடத்தை ஐந்து ரூபாய் உறை நிரப்பட்டும்.

உன் ஊருக்கு அதில் ஒரு வசதி இருக்கிறது. வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம், பெரம்பலூர் சாத்தனூரில் கல்லாகிப்போன மரம் என்று உலகமே பேசும் மண். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் நூற்றாண்டுக்கு 1951-இல் வந்த இரண்டணா ஸ்டாம்பில் ஆதியானை ஸ்டெகோடான் நிற்கிறது. புதைபடிவ ஸ்டாம்ப் சேர்க்கிறவருக்கு அதை விற்றால், அரியலூர் முத்திரை விழுந்த உறையில் வந்து சேர்வது அவருக்குத் தனி மகிழ்ச்சி. உறையின் மேல் 5 ரூபாய்க்கு நல்ல நினைவுத் தபால்தலையாகப் பார்த்து ஒட்டு. பெட்டியில் போடாமல் கவுன்ட்டரில் கொடுத்து, “சார், முத்திரை கொஞ்சம் தெளிவா, ஸ்டாம்ப் ஓரமா விழுற மாதிரி குத்திக் கொடுங்க” என்று கேள். மை காயும்வரை நின்று பார்த்துவிட்டு வா.