கீரைக்குள் ஒரு தொழிலாளி

"கீரை சாப்பிடு!" என்று அம்மா சொன்னால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? "வேண்டாம்மா!" என்றா? சரி, முதலில் அந்த இலையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள்.

இலை ஏன் பச்சையாக இருக்கு? அதற்குள் பசுங்கணிகம் என்னும் மிகச் சிறிய பச்சைப் பைகள் இருக்கின்றன. அவைதான் செடியின் சமையலறை. அங்கே ரூபிஸ்கோ என்ற நொதி வேலை செய்கிறது. காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து, ஒரு வகைச் சர்க்கரையுடன் சேர்ப்பது அதன் வேலை. நாம் சாப்பிடும் சோறு, ரொட்டி, மாம்பழம் எல்லாம் இப்படித்தான் தொடங்குகின்றன.

ஆனால் இந்தத் தொழிலாளியிடம் இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, ரொம்ப மெதுவு! ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 3 தடவைதான் வேலை செய்யும். இரண்டு, ஆள் மாறிப் பிடிக்கும்! சில நேரம் ஆக்சிஜனைப் பிடித்துவிடும். அதைச் சரிசெய்யச் செடி தன் சக்தியைச் செலவழிக்க வேண்டும்.

ஏன் இப்படி? அதன் உருவத்தைப் பார்த்தால்தானே தெரியும்! ஆனால் ரூபிஸ்கோ மிக மிகச் சிறியது. பள்ளி நுண்ணோக்கியில் தெரியாது. அதனால் விஞ்ஞானிகள் அதைப் படிகமாக வளர்த்தார்கள்.

படிகம்னா என்ன? கற்கண்டை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் சர்க்கரை மூலக்கூறுகள் வரிசை வரிசையாக அடுக்கியிருக்கும். ரூபிஸ்கோவையும் அப்படி அடுக்கவைத்து, அதன்மேல் எக்ஸ் கதிர்களைச் செலுத்தினார்கள். ஒருவர் கை தட்டினால் தூரத்தில் கேட்காது. எல்லாரும் ஒரே தாளத்தில் தட்டினால் கேட்கும், இல்லையா? அதுபோல எல்லா மூலக்கூறுகளும் சேர்ந்து கதிர்களைச் சிதறடித்தன. புள்ளி புள்ளியாக ஒரு படம் கிடைத்தது. அந்தப் புள்ளிகளைக் கணக்கிட்டு உருவத்தைக் கண்டுபிடித்தார்கள்.

1989-இல் சுவீடன் நாட்டு விஞ்ஞானி இங்கர் ஆண்டர்சனும் அவருடைய குழுவினரும் பாலக்கீரையின் ரூபிஸ்கோ எப்படி இருக்கும் என்று காட்டினார்கள். அதில் 8 பெரிய துண்டுகள், 8 சிறிய துண்டுகள். வேலை நடக்கும் குழிகளும் 8. ஒவ்வொரு குழியிலும் ஒரு மக்னீசியம். சர்க்கரை உள்ளே வந்ததும் மூடி போல ஒரு பகுதி குழியை மூடிக்கொள்ளும். கார்பன் டை ஆக்சைடுக்கு ஒரு குழி, ஆக்சிஜனுக்கு வேறு குழி என்று கிடையாது. இரண்டும் ஒரே இடத்துக்குத்தான் வரும். அதனால்தான் ஆள் மாறுகிறது!

இந்தத் தவறைக் குறைக்க முடிந்தால் நெல்லும் கோதுமையும் கூடுதலாக விளையலாம். அதற்காக விஞ்ஞானிகள் இன்னும் முயல்கிறார்கள். செடிகளோ வேறு வழி வைத்திருக்கின்றன. ஆள் மெதுவா? அப்போ நிறைய ஆள் வை! கீரையில் உள்ள புரதத்தில் பெரும்பங்கு ரூபிஸ்கோதான்.

சொற்பொருள்
நொதி – உடலிலும் செடியிலும் வேதிவேலைகளை விரைவாக்கும் பொருள்
படிகம் – துகள்கள் ஒழுங்காக அடுக்கிய திண்மப் பொருள்
நுண்ணோக்கி – சிறியவற்றைப் பெரிதாகக் காட்டும் கருவி

பயிற்சி
1. ரூபிஸ்கோவின் இரண்டு குறைகள் யாவை?
2. விஞ்ஞானிகள் ஏன் அதைப் படிகமாக வளர்த்தார்கள்?
3. வீட்டில் பேசுங்கள்: அம்மா, அப்பா, பாட்டி, தாத்தாவுக்குத் தெரிந்த கீரைகளின் பெயர்களைக் கேட்டு எழுதி வாருங்கள்.