கேம் மாஸ்டர் வேலையில் நிலைக்க வேண்டுமா? எதிரியை நேர்மையாக ஆடுங்கள்

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974-ல் அமெரிக்காவில் வெளிவந்தது. பேப்பர், பென்சில், டைஸ், கற்பனை இருந்தால் ஆடலாம். நண்பர்கள் கூடிப் பொழுதுபோக்காக ஆடிய இந்த விளையாட்டை நடத்தித் தருவது இன்று வருமானம் தரும் வேலை. ஸ்டார்ட்பிளேயிங் போன்ற தளங்களில் ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர்கள் செஷனுக்கு, சீட்டுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்குகிறார்கள். வீட்டிலிருந்தே செய்யலாம். ஆங்கிலம் சரளமாக வந்தால் கிளையன்ட் எந்த நாட்டுக்காரராகவும் இருக்கலாம்.

போட்டியும் அதற்கேற்ப இருக்கும். நல்ல மைக், அழகான மேப், குரல் மாற்றிப் பேசும் திறமை எல்லாம் எல்லோரிடமும் உண்டு. உங்களைத் தனித்துக் காட்டப்போவது சண்டைக் காட்சிதான். அங்கே எதிரி அணிக்கு ஆடுவதும் நீங்கள், தீர்ப்புச் சொல்லும் அம்பயரும் நீங்கள். விட்டுக்கொடுத்தால் பிளேயருக்கு போரடிக்கும். ஏமாற்றினால் வெறுத்துப்போகும். இரண்டிலும் அவர் வாய்விட்டுப் புகார் சொல்ல மாட்டார். அடுத்த வாரம் சீட் புக் செய்ய மாட்டார். அதனால் கீழே உள்ள ஏழு பழக்கங்களை இப்போதே பிடித்துக்கொள்ளுங்கள்.

1. எதிரிக்குத் தெரிந்ததை மட்டும் வைத்து ஆடுங்கள்

மந்திரவாதியிடம் எத்தனை ஸ்பெல் மிச்சம், யாருக்கு ஹிட் பாயின்ட் குறைவு என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். எதிரிக்குத் தெரியாது. 2014 மான்ஸ்டர் மேனுவலில் ஓநாயின் இன்டெலிஜென்ஸ் 3, ஓகருக்கு 5, கோப்ளினுக்கு 10, மைண்ட் ஃபிளேயருக்கு 19. ஓநாய் கூட்டத்திலிருந்து விலகி நிற்பவரைச் சூழ்ந்து கடிக்கும். ஓகர் தன்னைக் கடைசியாக அடித்தவர் மேல் பாயும். மைண்ட் ஃபிளேயர் யார் ஹீலர் என்று ஒரே ரவுண்டில் கணித்துவிடும். ஒவ்வொரு டர்னுக்கு முன்னும் கேட்டுக்கொள்ளுங்கள்: ‘இது இவனுக்கு எப்படித் தெரியும்?’ ஒரு வாக்கியத்தில் பதில் வரவில்லையென்றால் அந்த மூவை விட்டுவிடுங்கள்.

2. எதிரிக்கும் சுயநலம் கொடுங்கள்

வேலைக்கு வருகிற எல்லோரையும் போல எதிரிக்கும் சொந்தக் கணக்கு உண்டு. கீத் அமான் என்ற அமெரிக்க எழுத்தாளர் 2019-ல் வெளியிட்ட ‘தி மான்ஸ்டர்ஸ் நோ வாட் தே ஆர் டூயிங்’ புத்தகம் முழுக்க இதைத்தான் அலசுகிறது: அந்த உயிரினத்தின் பலம், பலவீனம், அறிவு, இந்த மூன்றிலிருந்தே அதன் போர்முறை வர வேண்டும்.

2014 ஸ்டார்ட்டர் செட்டில் வந்த ‘லாஸ்ட் மைன் ஆஃப் ஃபேன்டெல்வர்’ சாகசத்தின் முதல் சண்டையைப் பாருங்கள். பாதையில் இரண்டு குதிரைகள் அம்பு தைத்துச் செத்துக் கிடக்கின்றன. புதருக்குள் நான்கு கோப்ளின்கள். இரண்டு பாய்ந்து வந்து தாக்கும், இரண்டு தள்ளி நின்று அம்பு விடும். மூன்று வீழ்ந்தால் நான்காவது ஓடப் பார்க்கும். ஒருவேளை கோப்ளின்கள் ஜெயித்துவிட்டால், மயங்கிக் கிடப்பவர்களைக் கொல்லாமல் சாமான்களைச் சுருட்டிக்கொண்டு போய்விடும். அவற்றுக்கு வேண்டியது கொள்ளை. அடுத்து வரும் குகையில் யீமிக் என்ற கோப்ளின், கைதியைப் பணயம் வைத்துப் பேரம் பேசுகிறான். தன் தலைவன் செத்தால் அந்த இடம் தனக்கு என்பது அவன் கணக்கு. இப்படி ஒரு எதிரி இருந்தால், வாளை உருவாமலே ஒரு செஷன் சூடாகப் போகும்.

3. எப்போது ஓடுவான் என்று முன்பே எழுதுங்கள்

கடைசி ஆள் வரை நின்று சாகும் எதிரி அலுப்புத் தருவான். டாம் மோல்ட்வே எடிட் செய்த 1981 பேசிக் பதிப்பில் இதற்கு மொரால் (மன உறுதி) என்ற சுலபமான விதி இருக்கிறது. எதிரிக்கு 2 முதல் 12 வரை ஒரு மதிப்பெண். முதல் ஆள் சாகும்போதும், பாதிப் பேர் வீழும்போதும் இரண்டு ஆறுமுக டைஸ் உருட்டுங்கள். கூட்டுத்தொகை மதிப்பெண்ணைத் தாண்டினால் ஓட்டம் அல்லது சரண். கோப்ளினுக்கு 7, பயமே அறியாத ஸோம்பிக்கு 12. நீங்கள் எந்தப் பதிப்பை நடத்தினாலும் இதைச் சேர்த்துக்கொள்ளலாம். சண்டை சட்டென்று முடியும், கதைக்குள் உயிரோடு ஒரு சாட்சியும் கிடைப்பான்.

4. பெரிய அடிக்கு முன் அடையாளம் காட்டுங்கள்

2014 மான்ஸ்டர் மேனுவலில் வளர்ந்த சிவப்பு டிராகனின் நெருப்பு மூச்சு 60 அடி தூரத்துக்குக் கூம்பு போல விரியும். சேதத்துக்கு உருட்டுவது 18 ஆறுமுக டைஸ். சராசரி சேதம் 63. அறிவிப்பில்லாமல் விழுந்தால் அது தண்டனை. குகை வாசலில் உருகிப்போன கவசத்தையும் கருகிய பாறையையும் முன்பே காட்டிவிட்டால் அது சவால். ஒருமுறை ஊதிய பிறகு டிராகனுக்காக அதன் டர்ன் தொடக்கத்தில் ஒரு ஆறுமுக டைஸ் உருட்ட வேண்டும். 5 அல்லது 6 விழுந்தால்தான் மூச்சு திரும்பும். அந்த டைஸை எல்லோர் முன்னிலையிலும் உருட்டுங்கள். அது விழும் முன்பே பிளேயர்கள் தள்ளித் தள்ளி நிற்கப் பழகுவார்கள். பதுங்கித் தாக்குவதும் நியாயமே. குதிரைகள் செத்துக் கிடந்ததைப் போல, கவனிப்பவர் கண்ணுக்கு ஏதாவது பட வேண்டும்.

5. மயங்கி விழுந்தவர் பற்றிக் கொள்கை வையுங்கள்

அதிக மனஸ்தாபம் வருவது இங்கேதான். ஐந்தாம் பதிப்பில், மயங்கியவர் உயிர்பிழைக்க உருட்டும் டெத் சேவ் மூன்று தோற்றால் மரணம். விழுந்தவரை 5 அடிக்குள் நின்று தாக்கிப் பட்டால் அது கிரிட்டிகல். ஒரே அடியில் இரண்டு தோல்வி. இரண்டு அடியில் ஆள் காலி. எனவே முன்பே முடிவெடுங்கள். கொள்ளையன் நின்று போராடுபவரைத்தான் கவனிப்பான். பசித்த கூல் என்ற பிணந்தின்னி விழுந்தவரைக் கடிக்கும். வீழ்ந்தவரை ஹீலர் எழுப்புவதைக் கண்ணால் பார்த்த புத்திசாலி, அடுத்த முறை முடித்துவிடப் பார்ப்பான். இந்தக் கொள்கையை, ஆட்டம் தொடங்கும் முன் கூடிப் பேசும் செஷன் ஸீரோவிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு யாருக்காகவும் மாற்றாதீர்கள். முக்கியமாக, உங்களைக் கடுப்பேற்றிய பிளேயருக்காக மாற்றாதீர்கள்.

6. விதி இரு பக்கமும் ஒன்றே

சண்டை நடுவில் எதிரியின் ஹிட் பாயின்ட்டைக் கூட்டாதீர்கள். பிளேயர்கள் கூட்டிக் கழித்துப் பார்க்கிறார்கள். பிளேயரின் ஸ்பெல்லைத் தடுக்கும் கவுன்டர்ஸ்பெல் போட வேண்டுமானால் எதிரி 60 அடிக்குள் இருக்க வேண்டும், ஸ்பெல் போடுபவரைப் பார்க்கவும் வேண்டும். தூரத்தை மேப்பில் அளந்து காட்டுங்கள். தோற்ற சேவை வெற்றியாக மாற்றிக்கொள்ளும் லெஜண்டரி ரெசிஸ்டன்ஸ் எதிரிக்கு ஒரு நாளைக்கு மூன்று என்றால், செலவாகும் ஒவ்வொன்றையும் வெளிப்படையாக அறிவியுங்கள். தன் சிறந்த ஸ்பெல் வீணானாலும் எதிரியின் கையிருப்பில் ஒன்று குறைந்தது என்று அந்த பிளேயர் திருப்தி அடைவார்.

7. சவாலை இடத்திலிருந்து உருவாக்குங்கள்

நேர்மை என்றால் மென்மை என்று நினைத்துவிடாதீர்கள். 1987 நவம்பரில் டிராகன் இதழ் 127-ல் ரோஜர் மூர் எழுதிய ‘டக்கர்ஸ் கோபோல்ட்ஸ்’ கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. கோபோல்ட் இந்த விளையாட்டின் மிக பலவீனமான எதிரிகளில் ஒன்று. குறுகிய நடைபாதை, அம்பு எய்யும் துளை, நெருப்பு, திரும்பும் வழியை அடைக்கும் திட்டம் ஆகியவற்றை வைத்தே அவை அனுபவசாலி வீரர்களை நடுங்கவைத்தன. எதிரியின் எண்களைக் கூட்டினால் பிளேயருக்குச் சலிப்பு. நிலத்தையும் திட்டத்தையும் பயன்படுத்தினால் மரியாதை, ஏனென்றால் அதே நிலத்தை அவரும் பயன்படுத்தலாம்.

அடுத்த செஷனுக்கு முன் இதைச் செய்யுங்கள். ஒவ்வொரு எதிரிக்கும் ஒரு சிறிய கார்டு, அதில் நான்கு வரி: என்ன தெரியும், என்ன வேண்டும், எதற்குப் பயம், எப்போது ஓடுவான். செஷன் முடிந்ததும் ஐந்து நிமிடம் ஒதுக்கி, எந்த இடம் அநியாயமாகப் பட்டது என்று நேராகக் கேளுங்கள். கார்டைத் திறந்து எதிரியின் திட்டத்தையும் காட்டுங்கள். நீங்கள் மறைத்து ஏமாற்றவில்லை என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. ரிவ்யூவில் வரப்போவதும் இதுதான். ஜெயித்தவர் திரும்ப வருவது இயல்பு. கேரக்டரை இழந்தவரும் புது கேரக்டரோடு அதே மேஜைக்கு சீட் போட்டால், இந்தத் தொழில் உங்கள் கைக்கு வந்துவிட்டது.