எந்தப் பக்கம் உட்கார வைப்பது?

வேதபாடம்: அப்போஸ்தலர் 8:26–39, ஏசாயா 56:3–5, 1 கொரிந்தியர் 5:12,13



இந்த மாதப் பாடத்தை என் சொந்தத் தவறிலிருந்தே ஆரம்பிக்கிறேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கீழ்பென்னாத்தூரில் நம் சபையில் துதி ஆராதனை முடிந்து, நான் வேதத்தைத் திறக்கிற நேரம். ஒரு திருநங்கை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, தலையில் முக்காடு போட்டுக்கொண்டு உள்ளே வந்து நின்றார்கள். ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம் பாய் விரித்திருப்பது உங்களுக்குத் தெரியும். மூப்பர் ஒருவர் எழுந்து வந்து, "பாஸ்டர், இவங்களை எந்தப் பக்கம் உட்கார வைக்கிறது?" என்று என்னைக் கேட்டார். மைக் ஆன்ல இருந்தது. சபை முழுக்கக் கேட்டது. சிலர் சிரித்தார்கள். என்ன சொல்வது என்று நான் திகைத்து நின்ற அரை நிமிஷத்தில், அவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள். நான் பிரசங்கத்தைத் தொடர்ந்தேன். அன்றைக்குப் பேசியது காணாமற்போன ஆட்டைக் குறித்து!

1. காலம் மாறியிருக்கிறது

நாம் சின்னப் பிள்ளைகளாய் இருந்தபோது இவர்களைக் கூப்பிட்ட பெயர்களை இங்கே எழுதக் கூசுகிறது. 2008-ல் தமிழ்நாடு அரசு திருநங்கைகளுக்கென்று நல வாரியம் அமைத்தது. 2014 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவர்களை மூன்றாம் பாலினத்தவராக அங்கீகரித்தது. 2018 செப்டம்பரில் இரண்டு தீர்ப்புகள் வந்தன. வயது வந்தோர் மனமொத்து வைத்துக்கொள்ளும் ஓரினச் சேர்க்கை குற்றமல்ல என்பது ஒன்று. பிறன்மனை உறவைக் குற்றமாக்கிய 497-ஆம் பிரிவு செல்லாது என்பது மற்றொன்று. 2023 அக்டோபரில் அதே நீதிமன்றம் ஓரினத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் தர மறுத்தது.

இதைக் கேட்டு, "உலகம் கெட்டுப்போச்சு, கடைசிக்காலம்" என்று சிலர் கலங்குகிறார்கள். "எல்லாம் மாறுது, நாமும் மாறிடலாமே" என்று வாலிபர் சிலர் கேட்கிறார்கள். தேவபிள்ளைகள் என்ன செய்ய வேண்டும்?

2. குற்றம் வேறு, பாவம் வேறு

497-ஆம் பிரிவு போனதால் ஏழாம் கற்பனை போய்விட்டதா? இல்லை. போலீஸுக்குப் பயந்து வருகிற பரிசுத்தம் பரிசுத்தமே அல்ல. அது ஆவியானவர் இருதயத்தில் செய்கிற கிரியை. விவாகத்தைக் குறித்து ஆதியாகமம் 2:24 சொல்லுகிறதையே நாம் தொடர்ந்து போதிப்போம். அதை மாற்ற எனக்கு அதிகாரமில்லை.

ஆனால் வெளியே இருக்கிறவர்களை நியாயந்தீர்ப்பது தேவனுடைய வேலை, சபைக்குள் இருக்கிறவர்களைக் குறித்தே நமக்குப் பொறுப்பு என்று பவுல் கொரிந்தியருக்குத் தெளிவாய் எழுதுகிறார். நாமோ இதைத் தலைகீழாய்ச் செய்கிறோம். வரதட்சணையைத் தடை செய்யும் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. நம்மில் எத்தனை கல்யாணத்தில் அதை "சீர்" என்றும் "அன்பளிப்பு" என்றும் பெயர் மாற்றி வாங்கினோம்? அந்தக் கல்யாணத்தில் நான் ஜெபம் பண்ணிச் சாப்பிட்டும் வந்திருக்கிறேன். ஜாதி பார்த்துப் பெண் எடுக்கிறோம். இந்தக் காரியங்களில் உலகத்தின் சட்டம் நமக்கு முன்னே போய்விட்டது. வேதத்தைக் கையில் வைத்திருந்த நாம் பின்னே நிற்கிறோம். நியாயத்தீர்ப்பு தேவனுடைய வீட்டில் தொடங்கும் என்று பேதுரு எழுதியது நமக்குத்தான்.

3. வனாந்தர வழியில் ஒரு அண்ணகர்

அப்போஸ்தலர் 8-ல் வரும் எத்தியோப்பியரை நம் வேதாகமம் "மந்திரி" என்கிறது. மூல கிரேக்கத்தில் அந்த இடத்தில் இருப்பது அண்ணகர் என்னும் சொல். வேதாகமக் கல்லூரியில் இதை முதன்முதல் கேட்டபோது ஆச்சரியப்பட்டேன். அண்ணகரும் திருநங்கையரும் ஒன்றே என்று நான் சொல்லவில்லை. வாசலில் தடுக்கப்பட்டவர்கள் என்பதில் இருவர் நிலையும் ஒன்றுதான். உபாகமம் 23:1-ன்படி இப்படிப்பட்டவருக்குச் சபையில் இடமில்லை. ஆகிலும் அவர் தொழுதுகொள்ள எருசலேமுக்கு அவ்வளவு தூரம் போய் வந்தார். திரும்புகிற வழியில் ரதத்தில் வாசித்தது ஏசாயா 53. அதே சுருளில் இன்னும் மூன்று அதிகாரம் தள்ளினால் 56. தன்னைக் காய்ந்த மரமென்று அண்ணகன் சொல்ல வேண்டாம், உடன்படிக்கையைப் பற்றிக்கொள்ளுகிறவனுக்கு என் ஆலயத்திலேயே இடமும் பெயரும் தருவேன் என்று கர்த்தர் அங்கே வாக்களிக்கிறார்.

பிலிப்பு என்ன செய்தான்? ஆவியானவர் சொன்னவுடன் ஓடினான். ரதத்தில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தான். இயேசுவைக் குறித்துப் பிரசங்கித்தான். எனக்கு ஞானஸ்நானம் பெற என்ன தடை என்று அவர் கேட்டபோது, தடை சொல்லவில்லை. இருவரும் தண்ணீரில் இறங்கினார்கள். உபதேசம் குறையவுமில்லை, வாசல் அடைபடவுமில்லை. அல்லேலூயா!

4. நாம் செய்ய வேண்டியது

இரண்டு வாரம் கழித்து அந்தச் சகோதரியைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல பாஸ்டர், எங்களுக்கு இதெல்லாம் பழகிப்போச்சு" என்றார்கள். திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. சபைக்கு வரும்படி அழைத்தேன். இன்னும் வரவில்லை.

இனி யார் வந்தாலும், அவர்கள் உட்கார விரும்புகிற இடத்தில் உட்காரட்டும். குடிகாரன் வந்தாலும், வட்டிக்கு விடுகிறவன் வந்தாலும், திருநங்கை வந்தாலும் ஒரே சுவிசேஷம், ஒரே சிலுவை. மனந்திரும்புதலை நமக்கும் சேர்த்தே பிரசங்கிப்போம். பாயில் இடம் கொடுக்கப் பரிசுத்தம் பார்த்தால், முதலில் எழுந்து போக வேண்டியவன் நான்.

தியானத்திற்கு:
- நான் பரிகாசம் பண்ணி, சபைக்கு வராமல் போனவர் யார்?
- சட்டம் கண்டித்தும் என் வீட்டில் நான் விடாத பாவம் எது?

ஜெபம்: ஆண்டவரே, உமது சத்தியத்தில் உறுதியாய் நிற்கவும், உமது வாசலை நாங்கள் அடைக்காதிருக்கவும் கிருபை தாரும். அந்தச் சகோதரியை எங்கள் நடுவில் கொண்டுவாரும். ஆமென்.