காணொளியும் சதுரங்கத் தொடக்கமும்

சதுரங்க ஆட்டத்தின் முதற் பத்துப் பன்னிரண்டு நகர்த்தல்களைத் தொடக்கம் என்பர். முன்னாளில் இதனை நூல்வழிக் கற்றனர். இந்நாளில் காணொளிவழிக் கற்கின்றனர். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வாழும் மாணவன் உலகப் பெருவீரரின் விளக்கத்தை வீட்டிலிருந்தே கேட்கலாம். இது பெரும் பேறே. ஆயினும் காண்டல் வேறு, கற்றல் வேறு.

விசுவநாதன் ஆனந்தின் இளமை இதற்குத் தக்க சான்றாகும். 1970களின் இறுதியில் அவர்தம் குடும்பம் மணிலாவில் வாழ்ந்தது. ஆங்குத் தொலைக்காட்சியில் பகல் வேளையிற் சதுரங்க நிகழ்ச்சியொன்று நிகழும். மகன் பள்ளியிலிருக்க, அன்னையார் அதில் வரும் புதிர்களைக் குறித்து வைப்பார். மாலையில் இருவரும் அமர்ந்து விடை தேடுவர். 1988இல் இந்தியாவின் முதற் கிராண்ட்மாஸ்டராக உயர்ந்தவர்க்கு அந்நாளில் திரை தந்தது வினாவே. விடையைத் தந்தது சொந்த முயற்சி.

ஓர் உதாரணம் காண்போம். 1561இல் சதுரங்க நூல் வெளியிட்ட ஸ்பானியப் பாதிரியார் ருய் லோப்பெசின் பெயரால் ஒரு தொடக்கம் வழங்குகின்றது. இருவரும் அரசன் முன்னுள்ள காலாளை இரு கட்டம் நகர்த்துவர். வெள்ளைக் குதிரை எதிர்க் காலாளைத் தாக்கும். கறுப்புக் குதிரை அதனைக் காக்கும். வெள்ளை மந்திரி அக்குதிரையைத் தாக்க, கறுப்பு ஓரக் காலாளை ஒரு கட்டம் நகர்த்தி மந்திரியைத் தாக்கும். மந்திரி குதிரையை வெட்டினால், கறுப்பு அரசியின் முன்னுள்ள காலாள் மந்திரியை வெட்டும். இப்போது காவலற்று நிற்கும் நடுக் காலாளை வெள்ளைக் குதிரை வெட்டலாமா?

இவ்விடத்தே காணொளியை நிறுத்துக. பலகையில் விடை தேடுக. காலாள் விலகியமையால் கறுப்பு அரசிக்கு வழி திறந்துவிட்டது. அவள் நடுக்களம் புகுந்து குதிரையையும் வெள்ளைக் காலாளையும் ஒருங்கே தாக்குவாள். இழந்த காலாளுக்கு ஈடாக ஒன்றை மீட்பாள். இதனைத் தானே கண்டறிந்தவன் மறவான். சொல்லக் கேட்டவன் மறுவாரமே மறப்பான்.

ஆதலின், ஆசிரியர் காய் நகர்த்துமுன் நிறுத்தி, உமது நகர்த்தலை ஏட்டிற் குறித்திடுக. இரண்டும் வேறுபடின் காரணம் ஆராய்க. மறுநாள் காணொளியின்றி அதே தொடக்கத்தை ஆடிப் பார்த்திடுக. போட்டியில் எதிராளி காணொளியிற் காணாத நகர்த்தலை ஆடும்போது மனப்பாடம் கைவிடும். காரணம் அறிந்த அறிவே துணை நிற்கும்.

பழைய மாணவர்க்கும் இதிற் பங்குண்டு. "இந்நகர்த்தல் ஏன்?" எனக் காணொளி நம்மை மடக்கிக் கேளாது, எதிரே அமர்ந்தவரே கேட்பார். வாரத்தில் ஒரு மாலை ஓர் இளைஞன் எதிரே பலகை விரித்து அமர்வது, கல்லூரிக்கு நாம் செய்யும் எளிய கைம்மாறாகும்.