தங்கச்சி, ‘டெஃபனிட்லி’ சொல்லும்முன்

மட்டாஞ்சேரி ஜூ டவுனில் கடை வேலைக்குச் சேர்ந்திருக்கிற தங்கச்சிக்கு முதலில் பழக வேண்டியது, வாய் திறந்து ஆமாம் சொல்வது. நாம் தலையாட்டினால் நம்மூர்க்காரருக்குப் புரியும். வெளிநாட்டுக்காரருக்கு அது ஆமாமா இல்லையா என்றே பிடிபடாது. தலையோடு ஒரு ‘சர்ட்டன்லி’யும் வரட்டும்.

‘ஆஃப் கோர்ஸ்’ இடம் பார்த்து. “எடுத்துப் பார்க்கலாமா?” என்றால் அந்தப் பதில் அன்பாக இருக்கும். “சினகாக் இந்தத் தெருவிலா?” என்று யூதர்களின் தொழுகைக்கூடத்துக்கு வழி கேட்பவரிடம் அதையே சொன்னால், ‘இதுகூடத் தெரியாதா’ என்ற தொனி வந்துவிடும். அங்கே ‘யெஸ்’ போதும்.

‘டெஃபனிட்லி’ வாக்குக் கொடுப்பது மாதிரி. “நாளைக்கு சினகாக் திறந்திருக்குமா?” என்று கேட்கிறார், நாளை சனிக்கிழமை. அன்று பூட்டியிருக்கும். நீ உற்சாகத்தில் ‘டெஃபனிட்லி’ போட்டால் அவருக்குக் கொச்சியில் இருக்கும் ஒரே நாள் வீணாகும். மிளகு வயநாடா இடுக்கியா என்று உறுதியாகத் தெரியாவிட்டால் ‘ப்ராபப்ளி’ சொல்லு, முதலாளியைக் கேட்டு வந்து சொல்லு. வியாபாரம் ஒன்றும் குறையாது.

அடுத்து ‘ஒன்லி’. நம்முடைய ‘தான்’, பக்கத்துக் கடைச் சேச்சியின் ‘தன்னெ’ இரண்டும் இங்கிலீஷில் ‘ஒன்லி’யாக வந்து உட்கார்ந்துகொள்கின்றன. நமக்குள் பேசும்போது அதில் குறையே இல்லை. ஆனால் ‘ஹியர் ஒன்லி’ என்பது வருகிறவர் காதில் ‘இங்கே மட்டும்’ என்று விழும். ‘ரைட் ஹியர்’ என்று சொல்லிப் பழகு. நேற்றுத்தான் சரக்கு வந்தது என்பதற்கு ‘ஜஸ்ட் யெஸ்டர்டே’.

‘வெரி’யை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒட்டாதே. சினகாக் 1568-இல் கட்டியது, அதற்கு ‘வெரி ஓல்ட்’ பொருந்தும். உள்ளே தரையில் பதித்த நீலமும் வெள்ளையுமான சீன ஓடுகளை ‘மார்வலஸ்’ என்றால், அதிலேயே உச்சம் இருக்கிறது. முன்னால் ‘ஆப்சல்யூட்லி’தான் சேரும்.

‘ரியலி’ நிற்கும் இடத்தைக் கவனித்துக் கேள். ‘ஐ ரியலி டோன்ட் லைக் இட்’ என்றால் சுத்தமாகப் பிடிக்கவில்லை, மடித்து வைத்துவிடு. ‘ஐ டோன்ட் ரியலி லைக் இட்’ என்றால் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. மனம் இன்னும் கடையில்தான் இருக்கிறது. வேறு நிறத்தில் ஒன்றை எடுத்து விரி.